தரவுத்தளப் படிவத்தில் தாவல் பக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளுக்கும் சிறு கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உறுப்பினர் பதிவேடு செய்து கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில்தான். தரவு ஏற்றும் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றில் பாதி படிவத்திலுள்ள தாவல் பக்கங்களைப் பற்றியவை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

தாவல் பக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பழைய பேரேட்டின் ஓரத்தில் எழுத்து வரிசைக்கு வெட்டிய காதுகளைப் பார்த்திருப்பீர்கள். காதைப் பிடித்துத் திருப்பினால் அந்தப் பக்கம் வரும். அதே யோசனைதான். படிவத்தின் ஒரே இடத்தில் பல பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலே தெரியும் காதைச் சொடுக்கினால் அதற்குரிய பக்கம் முன்னால் வரும். அக்சஸ் 97 பதிப்பிலிருந்து இதற்கான 'டப் கொன்ட்ரோல்' அதனுடனேயே வருகிறது.

ஒன்றை ஆரம்பத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் பலவானாலும் படிவம் ஒன்றுதான், பதிவும் ஒன்றுதான். இரண்டாம் பக்கத்தில் உள்ள பெட்டியும் முதற்பக்கத்துப் பெட்டியும் ஒரே ஆளின் ஒரே பதிவைச் சேர்ந்தவை. கீழே வரும் பல குழப்பங்கள் இதை மறப்பதால் வருபவை.

நீளமாக ஒரே படிவமாக வைத்து, கீழே உருட்டிப் பார்த்தால் என்ன?

பார்க்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சங்கங்களில் இருக்கும் மடிக்கணினி பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளித் திரை. அங்குலத்துக்கு 96 புள்ளி என்று வைத்தால் அதன் உயரம் 8 அங்குலம். மேலே ரிப்பன், தலைப்புப் பட்டை, கீழே விண்டோஸ் பட்டை எல்லாம் போக 5 அங்குலத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். ஒரு பெட்டிக்கும் இடைவெளிக்கும் மூன்றில் ஓர் அங்குலம் என்றால் 15 வரிசை. எழுத்துச் சிறிதாகத் தெரிகிறதென்று யாராவது விண்டோஸில் அளவை 125 விழுக்காடு ஆக்கியிருந்தால் 8 அங்குலம் 6.4 ஆகிவிடும், 11 வரிசைதான் தேறும். செயலாளர்களில் பலர் கண்ணாடி போட்டவர்கள், ஆகவே அந்த 125 எப்போதும் இருக்கும் என்று எண்ணியே வடிவமைக்கிறேன்.

எங்கள் உறுப்பினர் படிவத்தில் 43 பெட்டிகள். உருட்டினால், முன்னால் நிற்பவரின் பெயர் மேலே போய் மறைந்துவிடும். கீழே நிரப்பும்போது யாருக்கு நிரப்புகிறோம் என்பது நினைவை நம்பித்தான்.

கன்ட்ரோல் விசையுடன் எஃப்1 அழுத்தினால் ரிப்பன் சுருங்கும். ஓர் அங்குலம் சும்மா கிடைக்கும். தாவல் வைப்பதற்கு முன் அதைச் செய்து பாருங்கள். சிறிய படிவமென்றால் அதுவே போதும்.

எத்தனை தாவல் வைக்க வேண்டும்? எதை எதில் போடுவது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை.

நான் முதலில் செய்த படிவத்தில், தரவைச் சேமிக்கும் அட்டவணை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவல் வைத்தேன்: ஆள், முகவரி, குடும்பம், காணி, பயிர், வங்கி. ஆறு. எனக்கு அழகாகத் தெரிந்தது. காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) முந்திய பதிவு நாளில் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் செய்த மடமை புரிந்தது. வரிசையில் வந்தவர் முதலில் அடையாள அட்டையை நீட்டுகிறார். அதில் பெயர், இலக்கம், முகவரி மூன்றும் உண்டு. தரவு ஏற்றும் தங்கச்சி பெயரை ஒரு தாவலில் அடித்து, அடுத்ததற்குப் போய் முகவரி அடித்தார். பிறகு காணிப் பத்திரம். அதிலுள்ள ஏக்கர் ஒரு தாவலில், அந்தக் காணி இடதுகரை வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறதா வலதுகரையிலா என்பது இன்னொன்றில். கையில் ஒரு தாள், திரையில் மூன்று பக்கம். வெயிலில் நூறு பேர்.

அதற்குப் பிறகு ஒரே விதி. ஒரு தாளுக்கு ஒரு தாவல். அடையாள அட்டையில் உள்ளவை ஒரு பக்கம். காணிப் பத்திரத்தில் உள்ளவை ஒரு பக்கம். வங்கிப் புத்தகத்தில் உள்ளவை ஒரு பக்கம். வாயால் கேட்டு எழுத வேண்டியவை கடைசிப் பக்கம். மக்கள் பையிலிருந்து எடுத்து நீட்டும் ஒழுங்கிலேயே தாவல்களும் இடமிருந்து வலமாக நிற்க வேண்டும். உள்ளே அட்டவணைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பது தரவுத்தளத்தின் வீட்டு விடயம். வாசலில் நிற்பவருக்குத் தெரியத் தேவையில்லை.

காணிப் பக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் வன்னியில் அதுதான் சிக்கலான பக்கம். பத்திரத்தின் வகை (அனுமதிப்பத்திரம், அளிப்பு, உறுதி, குத்தகை) ஒரு பெட்டி. அதற்கு அடுத்தே 'பத்திரம் கையில் உண்டா' என்று இன்னொன்று: அசல், பிரதி, தொலைந்தது. இடப்பெயர்வில், கடைசியாக 2009இல், பத்திரங்களைத் தவறவிட்டு வந்தவர்கள் இங்கே குறைவில்லை. முதலில் இந்தப் பெட்டியை 'ஏனையவை' என்ற கடைசித் தாவலில் போட்டிருந்தேன். பத்திரம் இல்லாதவர்களின் காணிப் பக்கம் அரைகுறையாக நின்றது. தரவு ஏற்றுபவர் மறந்தாரா, பத்திரமே இல்லையா என்று பிறகு பார்க்கிறவருக்குத் தெரியவில்லை. பெட்டியைக் காணிப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுவந்த பின் அந்தச் சந்தேகம் எழவில்லை.

எண்ணிக்கை? நான்கு, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால் தலைப்புகளை வாசிக்கவே நேரம் போகும். 'ஏனையவை' என்று ஒரு தாவல் தேவைப்பட்டால் உங்கள் பிரிப்பில் எங்கோ பிழை.

ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு தாவல் வைத்துத் தருவீர்களா?

தரமாட்டேன். பொருளாளர்கள் விரும்பிக் கேட்பது இது: காலபோகம் ஒரு தாவல், சிறுபோகம் ஒரு தாவல், வருகிற ஆண்டு இன்னும் இரண்டு. ஐந்து ஆண்டில் பத்துத் தாவல். ஒவ்வொன்றுக்கும் விதைத்த ஏக்கர், நெல்லினம், பசளை, விளைச்சல் என்று அட்டவணையில் புதிய புலங்கள் (நிரல்பத்திகள்). அக்சஸ் அட்டவணையில் 255 புலத்துக்கு மேல் வைக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். 'மூன்று காலபோகத்திலும் விளைச்சல் குறைந்தவர்கள் யார்' என்று கேட்டால் பதில் எடுப்பதற்குள் விடிந்துவிடும்.

'போகங்கள்' என்று ஒரே தாவல். அதற்குள் ஒரு துணைப்படிவம், அதாவது படிவத்துக்குள் இன்னொரு சிறு படிவம். போகத்துக்கு ஒரு வரி. ஆண்டு கூடக் கூட வரிகள் கூடும், திரை கூடாது.

எந்தத் தாவலில் இருந்தாலும் தெரிய வேண்டியவை எங்கே வைப்பது?

தாவலுக்கு வெளியே, படிவத்தின் தலைப்பகுதியில். உறுப்பினர் இலக்கம், முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம். இம்மூன்றும் எப்போதும் கண்ணில் பட வேண்டும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பெயரை முதல் தாவலுக்குள் வைத்திருந்த காலத்தில், ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இருவர் ஒரு சங்கத்தில் இருந்தார்கள். ஒருவருடைய வங்கிக் கணக்கு இலக்கம் மற்றவருடைய பதிவில் ஏறிவிட்டது. வங்கித் தாவலில் நிற்கும்போது யாருடைய பதிவு என்று காட்ட எதுவும் இல்லை. பட்டியலைச் சரிபார்த்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. இல்லையென்றால் பணம் வேறொருவருக்குப் போயிருக்கும். அன்று மாலையே பெயரை மேலே தூக்கினேன்.

அடையாள அட்டை இலக்கத்துக்கு அகலமாக இடம் விடுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் புதியதில் 12 இலக்கம். புலம் எழுத்து வகையாக இருக்கட்டும், எண் வகை வேண்டாம்.

தாவலை வைத்தேன். ஒரு பெட்டி எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது. ஏன்?

அது பக்கத்துக்குள் இல்லை, பக்கத்துக்கு மேலே கிடக்கிறது. ஏற்கெனவே படிவத்தில் இருந்த பெட்டியைச் சுட்டியால் இழுத்துத் தாவலின் மேல் விட்டால் இப்படித்தான் ஆகும். பெட்டியைத் தெரிவுசெய்து வெட்டுங்கள். வேண்டிய பக்கத்தின் காதை ஒருமுறை சொடுக்குங்கள். பிறகு ஒட்டுங்கள். அந்தப் பக்கத்துக்குள் போய் உட்காரும். வெட்டுமுன் அந்தப் பெட்டிக்கு ஏதாவது நிரல் எழுதியிருந்தால், ஒட்டிய பின் நிகழ்வுப் பண்பு (எது நடந்தால் அந்த நிரல் ஓட வேண்டும் என்ற அமைப்பு) இன்னும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக வைக்கும்போது இரண்டு பக்கம் வரும். கூட வேண்டுமென்றால் காதின்மேல் வலது சொடுக்கி 'இன்சர்ட் பேஜ்'. ஒழுங்கை மாற்ற அதே இடத்தில் 'பேஜ் ஒர்டர்'.

டப் விசையை அழுத்தினால் அடுத்த தாவலுக்குப் போகவில்லையே?

போகாது. பக்கத்தின் கடைசிப் பெட்டியில் டப் அழுத்தினால், தாவலுக்கு வெளியே ஒழுங்கில் அடுத்ததாக உள்ள பெட்டிக்குப் போகும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அடுத்த பதிவுக்கே தாவிவிடும். பாதி நிரப்பியவர் திடீரென்று வேறொருவரின் பெயரைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

முதலில் படிவத்தின் 'சைக்கிள்' பண்பை 'கரன்ட் ரெக்கோட்' ஆக்குங்கள். பதிவு மாறாது. அடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் சிறிய பொத்தான் ஒன்றை வைத்து, அதன் 'ட்ரான்ஸ்பேரன்ட்' பண்பை 'யெஸ்' ஆக்கி, 'ஒன் என்டர்' நிகழ்வில் அடுத்த பக்கத்து முதற்பெட்டிக்கு 'செட்ஃபோகஸ்' (குறிப்பானை அங்கே நகர்த்தும் கட்டளை) கொடுங்கள். குறிப்பான் போகும் இடத்துக்கு அந்தப் பக்கம் தானாகவே முன்னால் வரும். கடைசிப் பெட்டியின் 'எக்ஸிட்' நிகழ்வில் இதை எழுதுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பின்னோக்கிப் போக நினைத்தாலும் சுட்டியால் வேறிடம் சொடுக்கினாலும் அது முன்னே தள்ளிவிடும்.

சுட்டி பழுது. விசைப்பலகையாலேயே தாவல் மாற்றலாமா?

காதின் தலைப்பில் எண்ணும் அதற்கு முன் & குறியும் போடுங்கள்: '&1 அட்டை', '&2 காணி', '&3 வங்கி'. திரையில் 1, 2, 3 அடிக்கோட்டுடன் தெரியும். ஒல்ட் விசையுடன் எண்ணை அழுத்தினால் பக்கம் மாறும். தமிழ் எழுத்தைக் குறுக்குவிசையாக வைத்தால் அந்த நேரத்தில் எந்த விசைப்பலகை தெரிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து நடக்கும், நடக்காது. எண் ஏமாற்றாது. பழகியவர்கள் சுட்டி திருத்திய பிறகும் அதைத் தொடுவதில்லை.

தலைப்பைத் தமிழில் எழுதினால் கேள்விக்குறியாக வருகிறது.

எங்கே எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. பண்புச் சாளரத்தில் 'கப்ஷன்' என்ற இடத்தில் யூனிகோட் தமிழில் எழுதினால் நன்றாக வரும். எழுத்துரு லதாவோ நிர்மலாவோ இருக்கட்டும். விஷுவல் பேசிக் நிரல் எழுதும் சாளரம்தான் தமிழ் அறியாதது. அங்கே எழுதும் தமிழெல்லாம் கேள்விக்குறிதான். 'மெசேஜ் பொக்ஸ்' செய்தியும் அப்படியே. ஆகவே செய்திகளை ஓர் அட்டவணையில் இலக்கமிட்டு எழுதி வைத்து, நிரலில் இலக்கத்தைக் கூப்பிட்டு, படிவத்தின் அடியில் உள்ள சிவப்பு எழுத்து லேபிளில் காட்டுகிறேன். பெட்டிகளின் உட்பெயர் ரோமன் எழுத்திலேயே இருக்கட்டும்.

பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தலைப்பு வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைத்தால் தமிழாகத் தெரியும். ஆனால் எழுத்துரு முழுத் தாவலுக்கும் ஒன்றுதான், பக்கத்துக்குப் பக்கம் மாற்ற முடியாது; & குறி போடப் போனால் பாமினியில் வேறு எழுத்தாகிவிடும் ஆபத்து உண்டு. பதிவுகளையே பாமினியில் ஏற்றியிருந்தால் தாவலை மறந்துவிட்டு முதலில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

பக்கத்தின் 'கிளிக்' நிகழ்வில் எழுதினேன், எதுவும் நடக்கவில்லை.

அது பக்கத்தின் வெற்றிடத்தைச் சொடுக்கினால் மட்டும் நடக்கும். காதைச் சொடுக்குவது அதில் சேராது. தாவல் மாறுவதை அறிய, முழு டப் கொன்ட்ரோலின் 'சேஞ்ச்' நிகழ்வில் எழுத வேண்டும். எந்தப் பக்கம் என்பதை அதன் 'வேல்யூ' சொல்லும். முதற்பக்கம் 0, இரண்டாவது 1. நானே இதில் அரை நாள் தொலைத்தவன்.

தாவல் மாற்றினால் பதிவு சேமிக்கப்படுகிறதா? மின்சாரம் போனால்?

சேமிக்கப்படாது. நான்கு பக்கமும் நிரப்பி, கடைசிப் பெட்டியில் நிற்கும்போது மின்சாரம் நின்று, மடிக்கணினியின் பேட்டரியும் செத்ததாக இருந்தால், அத்தனையும் போச்சு. விதிவிலக்கு ஒன்று: துணைப்படிவத்துக்குள் குறிப்பான் நுழைந்தால் முதன்மைப் பதிவு அப்போதே சேமிக்கப்படும்.

'சேஞ்ச்' நிகழ்வில் படிவத்தின் 'டேர்ட்டி' பண்பை (சேமிக்காத மாற்றம் உண்டா என்று காட்டுவது) 'ஃபோல்ஸ்' ஆக்கினால் தாவல் மாறும்போதெல்லாம் சேமிக்கும். ஆனால் பின்பக்கத்தில் உள்ள கட்டாயப் புலம் ஒன்று இன்னும் வெறுமையாக இருந்தால் அக்சஸ் மறுத்துப் பிழை காட்டும். ஆகவே கட்டாயப் புலங்களை எல்லாம் முதல் தாவலிலேயே வைக்கிறேன். அடையாள அட்டைப் பக்கம் முடிந்தாலே ஆள் பதிவாகிவிடுவார். காணி, வங்கி பிறகு வரலாம்.

சேமிக்கும்போது ஏதோ ஒரு பெட்டி வெறுமை என்கிறது. எந்தத் தாவல் என்று தெரியவில்லை.

படிவத்தின் 'பிஃபோர் அப்டேட்' நிகழ்வில் நீங்களே ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வெறுமையானது கிடைத்ததும் சேமிப்பை நிறுத்தி, அந்தப் பெட்டிக்குச் 'செட்ஃபோகஸ்' கொடுங்கள். அது மறைந்திருக்கும் பக்கம் தானாக முன்வரும். பெட்டியை மஞ்சளாக்கினால் இன்னும் நல்லது.

எல்லோருக்கும் பொருந்தாத தாவலை மறைக்கலாமா?

மறைக்கலாம். மாடு, ஆடு வைத்திராதவருக்குக் கால்நடைப் பக்கம் எதற்கு? படிவத்தின் 'கரன்ட்' நிகழ்வில் அந்தப் பக்கத்தின் 'விசிபிள்' பண்பை மாற்றுங்கள். மறைக்குமுன் குறிப்பானை வேறு பக்கத்துப் பெட்டிக்கு நகர்த்திவிடுங்கள். வங்கித் தாவலை 'இரகசியத்துக்காக' மறைக்கச் சொல்கிறவர்களுக்கு: அது திரைச்சீலை, பூட்டல்ல. அட்டவணையைத் திறக்கத் தெரிந்தவர் திறந்து பார்ப்பார்.

தாவல் வைத்த பிறகு படிவம் திறக்க நேரமாகிறது.

தாவல்கள் காரணமல்ல, அவற்றுக்குள் இருக்கும் துணைப்படிவங்கள்தான். நீங்கள் பார்க்காத பக்கத்தில் இருந்தாலும் எல்லாத் துணைப்படிவங்களும் படிவம் திறக்கும்போதே ஏறும். தரவு வேறு கணினியில் இருந்து வலையமைப்பில் வந்தால் நன்றாகவே தெரியும். துணைப்படிவத்தின் 'சோர்ஸ் ஒப்ஜெக்ட்' பண்பை வெறுமையாக விட்டு, அந்தத் தாவலுக்குப் போகும்போது 'சேஞ்ச்' நிகழ்வில் நிரப்புங்கள். முதன்மைப் படிவத்துடன் இணைக்கும் புலங்கள் அப்போது சரியாக நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எல்லோருடைய போகமும் எல்லோருக்கும் தெரியும்.

வைஃபையில் அக்சஸ் ஓட்டாதீர்கள். இடையில் இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகலாம். வயர் இழுங்கள்.

தாவலுக்குள் தாவல்? இரண்டு வரிசைத் தாவல்?

முதலாவதற்கு அக்சஸ் நேரடியாக இடம் தராது. துணைப்படிவத்தில் தாவல் வைத்து அதைத் தாவலுக்குள் வைக்கலாம். செய்து கொடுத்தால் என்னைத் திட்டுவீர்கள். இரண்டாவது 'மல்ட்டி ரோ' பண்பில் உண்டு. ஆனால் பின்வரிசைக் காதைத் தொட்டால் அந்த வரிசையே முன்னால் வந்து இடம் மாறும். கண் பழகிய இடத்தில் கை வைத்தால் வேறொன்று இருக்கும்.

சாளரத்தின் உச்சியில் தெரியும் தாவல்களும் இவையும் ஒன்றா?

இல்லை. அவை திறந்து வைத்திருக்கும் படிவங்களும் அட்டவணைகளும். 2007 பதிப்பில் வந்தவை. அவற்றில் ஒன்றை மூடினால் முழுப் படிவமும் மூடும்.

அச்சடித்தால் ஒரு தாவல்தான் வருகிறது.

முன்னால் தெரியும் பக்கம் மட்டுமே அச்சாகும். கமநல சேவை நிலையத்துக்குக் கொடுக்கத் தாள் வேண்டுமென்றால் 'ரிப்போர்ட்' ஒன்று தனியே செய்யுங்கள். அதில் எல்லாப் புலங்களும் மேலிருந்து கீழாக வரட்டும், தாளில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

வடிவமைப்பை மாற்றி மாற்றிச் செய்தேன். இனிப் பெட்டி சேர்க்க முடியாது என்கிறது.

ஒரு படிவத்தின் வாழ்நாளில் கட்டுப்பாடுகளும் (பெட்டி, பொத்தான் போன்றவை) பகுதிகளும் சேர்த்து 754தான். அழித்தவையும் கணக்கில் நிற்கும். எல்லாவற்றையும் தெரிவுசெய்து நகலெடுத்து, புதிய படிவத்தில் ஒட்டுங்கள். கணக்கு மீண்டும் தொடங்கும்.

எங்களிடம் அக்சஸ் இல்லை, லிப்ரே ஆபிஸ் பேஸ்தான். அதில்?

பேஸின் படிவக் கருவிகளில் தாவல் கட்டுப்பாடு கிடையாது. மேக்ரோ எழுதிப் பெட்டிகளைக் குழுவாக மறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பராமரிக்க ஆள் இருந்தால் செய்யலாம். சங்கத்துக்கு நான் சொல்வது, தாளுக்கு ஒரு படிவம் என்று மூன்று சிறு படிவங்கள் செய்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் அதே உறுப்பினர் இலக்கத்தையும் பெயரையும் காட்டி, ஒன்றிலிருந்து மற்றதைத் திறக்கப் பொத்தான் வைப்பது.